எரிமலைக்கு முன்னால் எங்கே நிற்பது

ஒரு வாரமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் இதே பஞ்சாயத்துதான். லாத்தா (அக்கா) மகன் லீவுக்குக் கீழக்கரை வந்திருக்கிறான், பன்னிரண்டு வயது, போனில் துப்பாக்கிச் சண்டை ஆடினால் விரல் போகிற வேகம் கண்ணுக்குத் தெரியாது. அவனிடம் விமானத்தில் பறந்து சுடுகிற பழைய வீடியோ கேமான கிரேடியஸை ஏற்றிக் கொடுத்தேன். முதல் கட்டத்தின் கடைசியில் எரிமலை கல்லை வாரி வீசும் இடத்தில் செத்தான். மறுபடியும் அதே இடம். ஐந்தாவது தடவை போனை என் மடியில் போட்டுவிட்டு, "மாமா, இது சீட்டிங்" என்றான்.

சீட்டிங் இல்லை என்று அடித்துச் சொன்னேன். ஆனால் அவன் சொன்னதில் பாதி நியாயம் என்று இப்போது தோன்றுகிறது.

தொண்ணூறுகளில் பெரிய மாமா வெளிநாட்டுச் சபுரிலிருந்து வந்தபோது பெட்டியில் சென்ட், டார்ச் லைட், கோடாரித் தைலத்தோடு ஒரு டிவி கேமும் இருந்தது. ஜப்பான்காரனின் மெஷினைப் பார்த்து யாரோ செய்த நகல். கேசட்டில் 9999 கேம் என்று போட்டிருக்கும், எண்ணினால் பத்துப் பன்னிரண்டு தேறும், மீதியெல்லாம் அதேதான் வேறு பெயரில். கடல் காற்றில் கேசட்டின் உலோகப் பற்கள் மாசத்துக்கு ஒருமுறை களிம்பேறிவிடும். எல்லா ஊர்ப் பிள்ளைகளும் போல நாங்களும் வாயால் ஊதுவோம், ஊதின எச்சில் ஈரத்தில் களிம்பு இன்னும் கூடும். கடைசியில் பென்சில் ரப்பரால் தேய்த்தால் பளிச்சென்று வரும். அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் காக்கா (அண்ணன்), இன்றைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

திரையில் எதிரிகள் கூடினால் எல்லாம் மினுமினுக்கும், விமானம் சேற்றில் நடப்பது போல மெதுவாகப் போகும். மெஷின் சூடாகிவிட்டது என்று நினைத்து உம்மாவின் பனையோலை விசிறியை எடுத்து விசிறுவோம். சூடெல்லாம் இல்லை. அந்த மெஷினால் ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவத்துக்கு மேல் காட்ட முடியாது, ஒன்பதாவது வந்தால் ஒன்றை விட்டுத்தான் ஒன்றைக் காட்டும், அதுதான் மினுக்கல். நொடிக்கு அறுபது தடவை கணக்கை முடித்தாக வேண்டும், முடியாதபோது ஆட்டமே மெதுவாகும். அந்த மெதுவில்தான் நாங்கள் தப்பித்தோம் என்பது வேறு விஷயம். விசிறியால்தான் பிழைத்தோம் என்று காக்கா இப்போதும் வாதாடுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆட்டங்களில் கை வேகத்துக்குப் பெரிய வேலை கிடையாது. திரை தானாக நகர்ந்துகொண்டே இருக்கும், நமக்காக நிற்காது. எது எங்கிருந்து வரும் என்று தெரிந்து முன்கூட்டியே அங்கே போய் நிற்க வேண்டும். கச்சான் காற்றில் அப்பா தீவுப் பக்கம் வள்ளம் ஓட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், கடலடிப் பாறையைக் கண்ணால் பார்த்த பிறகு திருப்பினால் அடிப்பலகை போயிருக்கும் என்பார். மனசுக்குள் வழி இருக்க வேண்டும். அந்த வழியை வாங்கத்தான் இந்த ஆட்டத்தில் அத்தனை தடவை சாகிறோம்.

அதனால்தான் எனக்கு 1987இல் ஐரெம் கம்பெனி வெளியிட்ட ஆர்-டைப் ஆட்டத்தின் மேல் இவ்வளவு மரியாதை. கூடவே வரும் ஒரு உருண்டை, அதற்கு அழிவே கிடையாது. முன்னால் மாட்டலாம், பின்னால் மாட்டலாம், கழற்றித் தூர எறியலாம். மூன்றாம் கட்டம் முழுக்க ஒரே ஒரு ராட்சசக் கப்பல்தான், அதைச் சுற்றி அங்கம் அங்கமாக உடைக்க வேண்டும். செத்தால் நம் தப்பு என்று நமக்கே தெரியும்.

கிரேடியஸ் அப்படி இல்லை. வேகம், ஏவுகணை, லேசர், கூடவே ஒட்டி வரும் இரண்டு குட்டி உருண்டை என்று பாடுபட்டுச் சேர்ப்போம். ஒரே ஒரு கல் பட்டால் மொத்தமும் போய், வெறும் விமானத்தோடு நடுவழியில் கொண்டுபோய் விடும். எல்லாம் இருக்கும்போதே கஷ்டமான இடத்தை எதுவும் இல்லாமல் தாண்டு என்பது எந்த ஊர் நியாயம்? கிரேடியஸைச் செய்த கோனாமி கம்பெனியில் வேலை பார்த்த கசுஹிசா ஹாஷிமோட்டோ, 1986இல் இதை வீட்டு மெஷினுக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்க அவராலேயே ஆட முடியவில்லை. மேல் மேல் கீழ் கீழ், இடது வலது இடது வலது, பி, ஏ என்று அழுத்தினால் எல்லா ஆயுதமும் வருகிற மாதிரி ஒரு குறுக்கு வழி வைத்துக்கொண்டார், எடுக்க மறந்துபோனார். பின்னால் கான்ட்ரா என்ற ஆட்டத்தில் முப்பது உயிர் தந்த அதே வரிசைதான். செய்தவருக்கே அந்த நிலைமை என்றால் மருமகன் கோபப்பட்டதில் என்ன தப்பு.

இப்போது போனில் ரீவைண்ட் பொத்தான் வந்திருக்கிறது. செத்தால் பத்து நொடி பின்னால் போகலாம். நானும் அமுக்கினேன், மறைக்கவில்லை. ஒரே ராத்திரியில் கடைசிக் கட்டம் வரை போனேன், மறுநாள் காலையில் ஒரு இடம் கூட ஞாபகமில்லை. மூன்றாம் கட்டத்தில் வாயிலிருந்து வளையம் வளையமாகத் துப்பும் மொவாய்க் கல் தலைகள் சின்ன வயசிலிருந்து கனவில் வந்தவை. அவற்றைத் தாண்டியது கூட நினைவில் நிற்கவில்லை. அன்றைக்கே பொத்தானை அணைத்துவிட்டேன்.

நேற்று ராத்திரி மருமகன் தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எரிமலை வந்தது. "மாமா, நீங்க தப்பான எடத்துல நிக்கிறீங்க" என்று திரையில் விரலை வைத்தான். நான் இத்தனை வருஷமாக நிற்கும் இடம் அது இல்லை. போய் நின்றேன். மூன்றாவது கல்லிலேயே போய்விட்டது.

"இல்ல மாமா, இன்னும் கொஞ்சம் மேல" என்கிறான்.