மீன் குழம்பு மைலேஜ்

(திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து மதுரைக்கு ஒரு சின்ன கார் கிளம்புகிறது. ஓட்டுபவர் மாப்பிள்ளை, மதுரைக்காரர். பக்கத்து சீட்டில் மாமனார், 31 வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவர் மடியில் மகளுக்கான மீன் குழம்பு, எவர்சில்வர் தூக்குச்சட்டியில். மூடி கொஞ்சம் லூசு. மருமகனை நேருக்கு நேர் குறை சொல்வது அந்த வீட்டு வழக்கத்தில் இல்லை. அதனால் கங்கைகொண்டான் தாண்டும்வரை மாமனாரின் வாய் சும்மா இருந்தது. வலது கால் மட்டும் கால்மிதியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.)

மாமா: மாப்ளே, முன்னால லாரி.

மாப்பிள்ளை: பாத்துட்டேன் மாமா. (சடக்கென்று பிரேக். குழம்பு ஒரு அலை அடிக்கிறது.)

மாமா: பாத்தது நல்லது. அது அரை கிலோமீட்டருக்கு முந்தியே தெரிஞ்சுது, அதான் சொன்னேன்.

மாப்பிள்ளை: வேட்டில பட்டுருச்சா?

மாமா: பட்டா என்ன, நம்ம வீட்டுக் குழம்புதான.

மாப்பிள்ளை: இந்த வண்டில எனக்கு ஒரே வருத்தம் மாமா. லிட்டருக்கு 22 கிலோமீட்டர் குடுக்கும்னு சொன்னாங்க. 13-ஐத் தாண்ட மாட்டேங்குது. நானும் பாக்காத வைத்தியம் இல்ல. விடியக்காலம் அஞ்சு மணிக்குத்தான் பெட்ரோலே போடுறேன்.

மாமா: அஞ்சு மணிக்கா? பங்க்ல சுப்ரபாதம் போடுதானோ?

மாப்பிள்ளை: குளிர்ல பெட்ரோல் கெட்டியா இருக்கும், அதே காசுக்குக் கொஞ்சம் கூட வரும்னு ஆபீஸ்ல சொன்னாங்க.

மாமா: பெட்ரோல் பூமிக்கு அடியில தொட்டியில கெடக்கு மாப்ளே. அதுக்கு விடிஞ்சதும் தெரியாது, அடைஞ்சதும் தெரியாது. தூக்கம் போனதுதான் மிச்சம். வேற என்ன செய்திய?

மாப்பிள்ளை: 500-க்குப் போடாம 510-க்குப் போடுவேன்.

மாமா: அதுல பத்து ரூவா கூடச் செலவாகும். வேற?

மாப்பிள்ளை: பாலம் இறங்கும்போதெல்லாம் நியூட்ரல். அந்தா பாருங்க... (கியரைத் தட்டுகிறார்.)

மாமா: (தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு) மாப்ளே, நான் ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டியளே?

மாப்பிள்ளை: என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க. நான் என்ன வேத்தாளா?

மாமா: சொல்லலாங்கிய.

மாப்பிள்ளை: தாராளமா.

(31 வருஷத்துச் சர்வீஸ் மொத்தமும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தது என்பது மாப்பிள்ளைக்குத் தெரியாது.)

மாமா: முதல்ல கியரைப் போடுங்க. நியூட்ரல்ல இன்ஜின் சும்மா சுத்துததுக்கும் பெட்ரோல் வேணும்லா? கியர்லயே விட்டுட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை மட்டும் எடுத்துப் பாருங்க. சக்கரமே இன்ஜினைச் சுத்தும். அந்நேரம் பெட்ரோல் சப்ளையே கட்டாயிரும்.

மாப்பிள்ளை: சொட்டுக்கூடப் போகாதா?

மாமா: போகாது. அம்புட்டும் இனாம். அதை விட்டுட்டு நியூட்ரலைத் தட்டுனா பெட்ரோலும் போவும், இன்ஜின் பிடிமானமும் போவும். கொடைக்கானல் மலையில இப்படி இறங்குனா பிரேக் பழுத்துப்போயி நேரே பள்ளத்துலதான் நிக்கும்.

மாப்பிள்ளை: நீங்க சொன்னா சரிதான். ஆனா மாமா, மைலேஜ் குறையுறதுக்கு மெயின் காரணமே எத்தனால். 20 சதவீதம் கலந்துதான் இப்ப பெட்ரோலே வருது.

மாமா: எத்தனால்ல வீரியம் மூணுல ஒரு பங்கு கம்மி, வாஸ்தவம். அதுக்கு அஞ்சாறு சதம் குறையட்டும். உங்களுக்கு 22 வரவேண்டிய இடத்துல 13. நாப்பது சதம் அடிவாங்குது. மிச்ச முப்பத்தஞ்சைக் குடிச்சது யாரு?

மாப்பிள்ளை: யாரு மாமா?

மாமா: (மாப்பிள்ளையின் வலது செருப்பைப் பார்க்கிறார். பிறகு நாகரிகமாக ஜன்னல் வழியே காற்றாலைகளைப் பார்க்கிறார்.) கயத்தாறு வந்துட்டு.

(கோவில்பட்டியில் டீ. மாமா டம்ளரோடு காரைச் சுற்றி வருகிறார். குனிகிறார். முன் டயரை விரலால் தட்டுகிறார்.)

மாமா: காத்து அடிச்சு எம்புட்டு நாளாச்சு?

மாப்பிள்ளை: தீபாவளிக்கு.

மாமா: இப்ப ஆனி மாசம்.

(பக்கத்திலேயே பங்க். கேஜ் 26 காட்டுகிறது.)

மாமா: ஓடிவந்த சூட்டுலயே 26. ஆறுனா இன்னும் இறங்கும். உங்க வண்டிக்கு எம்புட்டு வேணும்?

மாப்பிள்ளை: அது எப்படித் தெரியும்?

மாமா: டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். (திறந்து காட்டுகிறார்: 33.) நாலு வருஷமா தினமும் இது வழியாத்தான் ஏறி இறங்குதிய. காத்து இல்லாத டயரு சேத்துல நடக்குத மாதிரி, ஒவ்வொரு அடிக்கும் மல்லுக்கட்டணும். சரி, டிக்கியைத் திறங்க.

மாப்பிள்ளை: டிக்கி எதுக்கு மாமா?

மாமா: லக்கேஜ் செக்கிங். (திறக்கிறார்.) அரிசி மூட்டை, தேங்கா, இதெல்லாம் உங்க அத்தை குடுத்தது, இருக்கட்டும். இந்த கிரைண்டர் கல்லு?

மாப்பிள்ளை: கொத்துறதுக்கு எடுத்துட்டுப் போனேன்.

மாமா: எப்ப?

மாப்பிள்ளை: பொங்கலுக்கு முன்னாடி.

மாமா: அப்ப ஆறு மாசமா கல்லுக்கு ஊரைச் சுத்திக் காட்டுதிய. மேல கேரியர் எதுக்கு? ஒரு சாமானும் இல்லையே.

மாப்பிள்ளை: அது ஒரு லுக்குக்கு.

மாமா: வெறும் கேரியரும் காத்தை மறிக்கும் மாப்ளே. லுக்குக்கும் பெட்ரோல் போட்டாவணும்.

(மறுபடி நாலு வழிச்சாலை. ஸ்பீடாமீட்டர் 110. காருக்குள் மீன் வாசனை ஏறிவிட்டது. மாப்பிள்ளை நாலு கண்ணாடியையும் இறக்குகிறார்.)

மாமா: என்ன இறக்கிட்டிய?

மாப்பிள்ளை: ஏசியை ஆஃப் பண்ணா மிச்சம்தானே மாமா.

மாமா: ஊருக்குள்ள மெதுவாப் போகும்போது சரி. இந்த வேகத்துல கண்ணாடியைத் திறந்தா காருக்குள்ள பாராசூட் விரிச்ச மாதிரி. ஏத்திட்டு ஏசியையே போடுங்க. இன்னொண்ணு. எண்பதுல எதுத்து நிக்குத காத்து, நூத்திப்பத்துல ஏறக்குறைய ரெண்டு மடங்கா எதுக்கும். வீட்ல அப்படி என்ன அவசரம்?

மாப்பிள்ளை: நேரம் மிச்சமாகும்ல.

மாமா: நெல்லையில இருந்து கோவில்பட்டிக்குப் பறந்து வந்து பத்து நிமிஷம் மிச்சம் பிடிச்சிய. டீக்கடையில கால் மணி நேரம் இருந்திய.

மாப்பிள்ளை: நீங்க பஸ்ல எம்புட்டு எடுப்பீங்க மாமா?

மாமா: (நிமிர்ந்து உட்காருகிறார்.) டிப்போ போர்டுல ஒவ்வொரு டிரைவர் பேருக்கு நேராவும் கேஎம்பிஎல், அதான் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு எழுதிப் போடுவான். கம்மியா இருந்தா கூப்பிட்டு விசாரணை. நான் அஞ்சரைக்குக் கீழ இறங்குனதே இல்ல.

மாப்பிள்ளை: அஞ்சரையா! நான் 13 எடுக்கிறேனே!

மாமா: நான் அறுபது பேரை ஏத்திக்கிட்டு அஞ்சரை எடுத்தேன். நீங்க ஒரு மாமனாரை வச்சுக்கிட்டு 13 எடுக்கிய. தலைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க.

(மாப்பிள்ளை கணக்குப் போடுகிற நேரத்தில் எட்டூர்வட்டம் டோல்கேட் வந்துவிடுகிறது. முன்னால் போன வேனை முந்தி, நூறிலிருந்து நேரே சைபருக்கு ஒரு மிதி. தூக்குச்சட்டி மூடி தெறித்து டேஷ்போர்டில் ஏறுகிறது. ஒரு துண்டு மீன் கால்மிதியில்.)

மாமா: (மீனைப் பார்த்தபடி, மிக மரியாதையாக) டோல்கேட் ஓடிப்போவாது மாப்ளே. ஒரு கிலோமீட்டருக்கு முந்தியே போர்டு வச்சிருக்கான். காலை எடுத்தா தன்னால தவழ்ந்து வந்துரும். ஒவ்வொரு தடவை பிரேக்கை மிதிக்கும்போதும் ஏற்கெனவே காசு குடுத்து எரிச்ச பெட்ரோலைச் சூடாக்கி ரோட்ல ஊத்துதிய.

மாப்பிள்ளை: நீங்களே ஓட்டுங்க மாமா. (சாவியை நீட்டுகிறார். பாதிக் கோபம், பாதி நப்பாசை.)

(இடம் மாறுகிறார்கள். தூக்குச்சட்டி மாப்பிள்ளை மடிக்கு வருகிறது. மாமா சீட்டில் நிமிர்ந்து, ஸ்டியரிங்கைப் பெரிய சக்கரம் மாதிரி அகட்டிப் பிடிக்கிறார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று கியர் ஏறுவது காதுக்கே தெரியவில்லை. முள் 75-இல் நிற்கிறது. எதிரே டிராக்டர் ரோட்டைக் கடக்கிறது. மாமா காலை எடுக்கிறார், டிராக்டர் கடந்து முடிக்கிறது, கார் நிற்காமலே போகிறது. மாப்பிள்ளை மூடியைத் திறந்து பார்க்கிறார். குழம்பில் எண்ணெய் தனியாகப் பிரிந்து கண்ணாடி மாதிரி நிற்கிறது.)

மாப்பிள்ளை: மாமா, டிஸ்ப்ளேல 19 காட்டுது!

மாமா: அதை நம்பாதிய. டேங்கை ஆட்டோ கட் வரைக்கும் நிரப்பி, மீட்டரை சைபர் பண்ணி, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்குன்னு பாக்கணும். அதையும் மூணு நாலு தடவை. இடது காலை எங்க வச்சிருக்கேன், பாத்தியளா?

மாப்பிள்ளை: தரையில.

மாமா: நீங்க கிளட்ச் மேல வைக்கிய. கிளட்ச் என்ன முக்காலியா?

(விருதுநகர் வருகிறது. கார் நாலு வழிச்சாலையை விட்டு இறங்குகிறது.)

மாப்பிள்ளை: மாமா, நேராப் போகணும்.

(மாமா பதில் சொல்லவில்லை. கார் அழகாக வளைந்து, பஸ் ஸ்டாண்ட் வாசல் பக்கம் போய், குலுங்காமல் நிற்கிறது.)

மாப்பிள்ளை: மாமா! இது நம்ம கார்!

மாமா: (சுற்றும் முற்றும் பார்த்து) அதான, விசில் சத்தமே கேக்கலையேன்னு பாத்தேன்.

(அதற்குள் பின்கதவு திறக்கிறது. கையில் மஞ்சப்பையோடு ஒரு பாட்டி, திருமங்கலம் நிக்குமா என்று கேட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்துவிடுகிறார்.)

மாப்பிள்ளை: மாமா, வெயிட் கூடுனா மைலேஜ் போயிருமே!

மாமா: தலைக்குக் கணக்குப் போடுங்க மாப்ளே, கூடத்தான் செய்யும். ஆத்தா, இந்தத் தூக்குச்சட்டியைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்க. ரைட்!