உற்பத்தி, உற்பத்தி என்று இன்னும் எத்தனை நாள்?

உலகப் பசி பற்றிய நேற்றைய கருத்தரங்கின் காணொளி உங்கள் கைக்கும் வந்திருக்கும். பேசியவர் யார், எந்த மேடை என்று பெயர் சொல்லப் போவதில்லை. “மக்கள்தொகை பெருகிவிட்டது, உற்பத்தியை இரட்டிப்பாக்காவிட்டால் உலகம் பட்டினியில் சாகும்” என்று மேடையில் ஒரு பெரியவர் முழங்கியதும் அரங்கமே கைதட்டியதே, அதைத்தான் என்னால் சீரணிக்க முடியவில்லை.

ஐயா, உணவு இருக்கிறது. வாங்கக் காசுதான் இல்லை. உலகம் ஆண்டுக்குச் சுமார் 280 கோடி டன் தானியம் விளைவிக்கிறது. 800 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. காய், பழம், பருப்பு, மீன் எல்லாம் இதற்கு மேல். அப்படியிருந்தும் 2024இல் ஏறத்தாழ 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்று ஐ.நா. அமைப்புகளே சொல்கின்றன. சத்தான உணவை வாங்க வசதியில்லாதவர்கள் ஏறத்தாழ 260 கோடி. விளைச்சல் போதவில்லை என்பதற்கு இதில் எங்கே சான்று இருக்கிறது? தானியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கால்நடைத் தீவனமாகிறது. இன்னொரு பகுதி எத்தனால் என்னும் எரிபொருளாகி வாகனங்களுக்குள் போகிறது. வாகனங்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லி எந்த மேடையிலாவது கைதட்டல் விழுந்திருக்கிறதா?

அந்த அரங்கில் நானும் இருந்தேன், இதைத்தான் கேட்க எழுந்தேன். பாதிக் கேள்வியிலேயே நெறியாளர் புன்னகையோடு “உணர்ச்சிவசப்பட வேண்டாம்” என்று ஒலிவாங்கியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார். பரவாயில்லை. புள்ளிவிவரம் சொல்வதுதான் உணர்ச்சிவசப்படுவது என்றால் அப்படியே இருக்கட்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தானியக் கிடங்கில் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழும் மணிகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டிய தானியம் அதிக நாள் தாங்காது. ஒரு மழைக்காலத்தில் சுவரோரத்து அடுக்கில் கை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது. பிரித்தால் மணிகள் கட்டிகட்டியாக ஒட்டி, பச்சையும் கறுப்புமாகப் பூசணம். சிலவகைப் பூசண நஞ்சு சமைத்தாலும் போகாது, அத்தனையையும் ஒதுக்கினோம். விளைவித்தவன் குறை வைக்கவில்லை. கூரை ஒழுகியது. பழுதுபார்க்க மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள், நிதி வரவில்லை. உற்பத்தி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்தச் சூடுதான் நினைவுக்கு வருகிறது.

“அப்படியானால் விளைச்சலே வேண்டாமா?” என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்கிறார். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? 2021இல் இலங்கை ரசாயன உரத்தை ஒரே உத்தரவில் நிறுத்தி, நெல் விளைச்சல் சரிந்து, சில மாதங்களிலேயே பின்வாங்கியது எனக்கும் தெரியும். மண்ணைக் காப்பாற்ற வேண்டும், நீரைக் காப்பாற்ற வேண்டும். மனிதர் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் வேளாண்மைக்கே போகிறது. எல்லாம் சரி. ஆனால் அந்த மேடையில் பேசியது மண்ணைப் பற்றியா? பசித்தவன் ஏன் பிறந்தான் என்பதைப் பற்றித்தானே பேசினார்கள்!

“பணக்கார நாட்டில் தட்டில் மிஞ்சியதை ஏழை நாட்டுக்கு அனுப்ப முடியுமா?” என்பது அடுத்த கேள்வி. முடியாதுதான். அனுப்பச் சொல்லவும் இல்லை. 2022இல் உலகெங்கும் கடைகளும் உணவகங்களும் வீடுகளும் சேர்ந்து வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில். அதை விளைவிக்கச் செலவான நீரையும் உரத்தையும் பற்றி வாய் திறக்காமல், குழந்தை பெற்றவளைப் பார்த்து விரல் நீட்டுவது என்ன நியாயம்?

1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அதே ஆண்டுகளில் அங்கிருந்து தானியமும் கால்நடையும் கப்பலேறிக்கொண்டிருந்தன. அப்போதும் மக்கள்தொகைதான் காரணம் என்று பேசிய கனவான்கள் இருந்தார்கள். 2022இல் கருங்கடல் துறைமுகங்கள் போரால் முடங்கியபோது விலை ஏறியதற்கும் யாரோ ஒரு ஏழைத் தாய்தான் காரணமா? சூடானிலும் காசாவிலும் பஞ்சம் உறுதிப்படுத்தப்பட்டதே, விதை போதாமலா? இதைச் சொன்னால் “அரசியல் பேசாதீர்கள்” என்பார்கள். துப்பாக்கியோடு சாலையை மறித்து உணவு வண்டியை நிறுத்துவது வேளாண் அறிவியலா?

எனக்கு முனைவர் பட்டம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பசித்தவர்களில் பெரும்பகுதியினர் கிராமத்தில் வாழ்பவர்கள், பலர் நிலத்திலேயே உழைப்பவர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளப் பட்டம் தேவைப்படவில்லை. அவர்களில் ஒருவர்கூட அந்த மேடையில் இல்லை. “தீர்வைச் சொல்லுங்கள்” என்கிறவர்களே, உலர்த்தும் களம், ஒழுகாத கூரை, அறுத்த வாரமே கடனுக்கு அஞ்சி விற்கத் தேவையில்லாத விவசாயி, கூலி ஒழுங்காகக் கிடைக்கும் வீடு. இதில் எதைப் பற்றி வேண்டுமானாலும் நாள் முழுக்கப் பேச வருகிறேன், ஒலிவாங்கியைப் பிடுங்காமல் இருந்தால்.

மறுப்பவர்கள் தாராளமாகக் கீழே எழுதலாம். மக்கள்தொகை என்று ஆரம்பிப்பவர்கள் மட்டும் இரண்டாவது பத்தியில் உள்ள கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.