தோலைத் துளைக்காத கடிகாரம் சர்க்கரையை அளக்காது

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை நடந்தது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருக்கும் நம் சாட்ஸ்வொர்த்தில் எல்லாருக்கும் தெரியும்: சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு விரதம் இருந்த தாத்தா, சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தார். தாத்தா வீடு திரும்பிவிட்டார், பெருமாள் புண்ணியம். ஆனால் அன்றிரவு முதல் வாட்ஸ்அப் குழுவில் "விரதம்தான் காரணம்", "மருமகள் கவனிக்கவில்லை" என்றே வருகிறது. அவர் மயங்கிக் கிடந்தபோதும் மணிக்கட்டில் சர்க்கரை 6.2 மில்லிமோல், எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருந்ததே அந்தக் கடிகாரம், அதைப் பற்றி ஏன் யாரும் வாய் திறக்கவில்லை?

தோலைத் துளைக்காத கடிகாரமோ மோதிரமோ சர்க்கரையை அளக்காது. இப்படி ஒரு கருவிக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அடியில் எரியும் பச்சை விளக்கு பார்ப்பது நாடித்துடிப்பை. செயற்கை நுண்ணறிவு என்று சொல்லி விற்கிறார்களே, அது சர்க்கரை எண்ணை ஊகிக்கிறது. சாதாரண நாளில் ஊகம் ஒத்துப்போகும், ஏனென்றால் அன்று சர்க்கரையும் வழக்கமான இடத்தில்தான் இருக்கும். மாத்திரை போட்டுவிட்டு மாலைவரை சாப்பிடாத நாளில்தான் கைவிடும்.

"அப்போ புதுசு எதுவுமே வேண்டாமா?" என்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. மேல்கையின் பின்புறம் ஒட்டும் சென்சார் வேறு. அதன் மெல்லிய இழை சுமார் 5 மில்லிமீட்டர் உள்ளே போகும். இழைமேல் உள்ள நொதி, தோலுக்கடியில் உள்ள திசுநீரின் குளுக்கோஸோடு வினைபுரிந்து மின்னோட்டம் தரும். அது ஊகமல்ல, நிஜமாகவே அளப்பது. அதை வைத்துச் செயலி "இறங்குகிறது" என்று முன்கூட்டிச் சொன்னால் நம்பலாம். அதுவும் இரத்தத்துக்கு 5 முதல் 10 நிமிடம் பின்தங்கும். சர்க்கரை வேகமாக விழும்போது நிஜத்தைவிடக் கூட்டிக் காட்டும். அந்தக் கைமேல் படுத்துத் தூங்கினால் குறைத்துக் காட்டும். டர்பன் புழுக்கத்தில் பசை விட்டுவிடும்.

"அந்த விலைக்கு எங்கே போவது?" நியாயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் விரலில் குத்தி, ஒரு துளி இரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் பட்டை இருக்கிறது. பூசைக்கு வெல்லம் தட்டிய கையோடு குத்தாதீர்கள், ஒட்டியிருக்கும் துளி வெல்லமே எண்ணை ஏற்றிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். 3.9 மில்லிமோலுக்குக் கீழே (மில்லிகிராம் கணக்கில் 70-க்குக் கீழே) என்றால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று நான்கு டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

அந்தப் பட்டை அந்த வீட்டிலும் இருந்தது. மத்தியானம் மருமகள் அதை எடுத்தபோது "கடிகாரம் இருக்கே, எதுக்குக் குத்துறே?" என்று தடுத்தது அவளைக் குறைசொல்லும் இதே வாய்கள்தான். கடிகாரம் வாங்கித் தந்த பேரனையும் விட்டுவிடுங்கள், பாசத்தில் வாங்கியது. அவளிடம் மட்டும் யாராவது போய் "தப்பு எங்கள் மேல்தான் அம்மா" என்று சொல்லுங்கள்.