"டீச்சர், இவன் எழுத உட்காரவே மாட்டேன்றான்"

போன வாரம் பள்ளி விட்ட நேரத்தில் ஓர் அம்மா வந்து நின்றார். குடியாத்தம் பக்கத்துக் கிராமம். மகன் ஆறாம் வகுப்பு. "அஞ்சாவது வரைக்கும் நல்லாத்தான் டீச்சர் எழுதிக்கினு இருந்தான். ஆறாவது வந்ததுல இருந்து வீட்டுப்பாடம் எழுத உட்காரவே மாட்டேன்றான். அடிச்சும் பாத்துட்டேன்" என்றார். கேட்டுக்கு அருகில் நின்றபடி ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று அன்று இரவு முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பதினெட்டு வருடமாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். அந்த அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்று. அந்தப் பையன் திடீரென்று சோம்பேறி ஆகிவிடவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே டீச்சர்தான் எல்லாப் பாடமும் எடுப்பார். இன்றைக்குத் தமிழில் அதிகமாகக் கொடுத்துவிட்டோம், கணக்கை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்கே தெரியும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒருவர். தமிழய்யா ஒரு பத்தி எழுதிவரச் சொல்வார், இங்கிலீஷ் மிஸ் கேள்வி பதில் கொடுப்பார், நான் ஐந்து கணக்கு கொடுப்பேன், அறிவியலில் படம், சமூக அறிவியலில் மேப். 'கொஞ்சம்தானே கொடுத்தோம்' என்று ஒவ்வொருவரும் நினைப்போம். எல்லாக் கொஞ்சமும் போய்ச் சேருவது ஒரே பையில். அதைக் கூட்டிப் பார்க்கிற ஆள் பெரும்பாலான பள்ளிகளில் யாரும் இல்லை. கூட்டிப் பார்ப்பது பதினோரு வயதுப் பிள்ளை மட்டும்தான். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அது பையைத் திறப்பதையே தள்ளிப்போடுகிறது.

2020-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கையில் இதற்கு அளவே சொல்லியிருக்கிறார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது. ஆறு முதல் எட்டு வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து, ஆறு மணி நேரம். எல்லாப் பாடமும் சேர்த்துத்தான் அந்த ஒரு மணி நேரம். இதைப் பெற்றோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் எழுதியும் முடியவில்லை என்றால், தயங்காமல் வந்து எங்களிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சரி, அந்த ஒரு மணி நேரத்தை எப்போது, எங்கே வைப்பது? "அஞ்சு மணிக்கு வந்த உடனே எழுத உட்கார வைங்க" என்று நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். இது வேலூர் வெயில். ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்குள் மாலை ஐந்து மணிக்கு நெருப்பு மாதிரி இருக்கும். பெரியவர்களாலேயே உட்கார முடியாத இடத்தில் பிள்ளையை உட்கார வைத்துப் பின்னம் போடச் சொல்வது நியாயமே இல்லை. விளையாடட்டும், வேர்க்கட்டும், முகம் கழுவி ஏதாவது சாப்பிடட்டும். இருட்டின பிறகு வாசலிலோ மாடியிலோ காற்று வருகிற இடத்தில் ஒரு விளக்கைப் போட்டு எழுதட்டும். தினமும் அதே இடம் என்பதுதான் முக்கியம். மேசை நாற்காலி இல்லை என்று கவலைப்படாதீர்கள், ஒரு பாயும் பரீட்சை அட்டையும் போதும்.

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மாக்கள் வீடு திரும்பவே இருட்டிவிடும். அவர்களிடம் கடிகார நேரம் சொல்லிப் பயன் இல்லை. தினமும் தவறாமல் நடக்கிற ஏதாவது ஒரு வேலையோடு இதைச் சேர்த்துவிடச் சொல்கிறேன். அம்மா வந்து டீ போடுவார், டீ குடித்ததும் நோட்டு வெளியே வரும். டீ தள்ளிப்போனால் நோட்டும் தள்ளிப்போகும், ஆனால் விட்டுப்போகாது. முதல் சில வாரம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தால் போதும். போன் உங்கள் கையிலும் இருக்க வேண்டாம். அப்புறம் மெல்ல எழுந்து உங்கள் வேலையைப் பார்க்கலாம். எழுதி முடித்ததும் மறுநாளைக்கான பையைப் பிள்ளையே அடுக்கட்டும். பழக்கம் என்றால் எனக்கு இவ்வளவுதான்.

இதைவிட என்னை வருத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. கைடைப் பார்த்து எழுதுவது. இப்போது அதற்கும் மேலே போய், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீட்டில் முடித்த பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட, நாற்பது வீட்டில் அதை அப்படியே எழுதுகிறார்கள். சில அம்மாக்கள் நேரமாகிவிட்டது என்று தாங்களே எழுதித் தருகிறார்கள். பாசத்தில் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் 1/2 + 1/3 எவ்வளவு என்று நான் கேட்டனுப்பினால், ஒரு பிள்ளை மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் தனித்தனியாகக் கூட்டி 2/5 என்று எழுதிவரும். அந்தத் தப்பு எனக்குத் தங்கம் மாதிரி. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைவாக எப்படி வரும் என்று அடுத்த நாள் அங்கிருந்தே தொடங்குவேன். கைடைப் பார்த்து 5/6 என்று எழுதி வந்தால் நான் டிக் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை என்பது எட்டாம் வகுப்பு வரைக்கும் யாருக்கும் தெரியாது. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளையே போட்ட கணக்கை அனுப்புங்கள். கை கூப்பிக் கேட்கிறேன்.

ஆசிரியர்களாகிய நாங்களும் அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த ஒரு பெண்ணை ஐம்பது முறை இம்போசிஷன் எழுத வைத்தேன். எழுதிக் கொண்டுவந்தாள். இரவு ஒன்பது மணி வரை அவள் பீடி சுற்றுகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வருடம் முடியும் வரை என் வகுப்பில் ஒரு கேள்விக்குக்கூட அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றோடு இம்போசிஷனை விட்டேன். எழுதாமல் வருகிற பிள்ளையிடம் "நேத்து சாயந்திரம் வீட்டுல என்ன வேலை இருந்துச்சு?" என்றுதான் இப்போது முதலில் கேட்கிறேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே டீச்சர், நான் எப்படிப் பாக்கிறது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. என் மாணவன் ஒருவனுடைய அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிறவர், பள்ளிக்கூடம் போனதில்லை. மடியில் முறத்தை வைத்து இலையில் தூளைப் போட்டு உருட்டிக்கொண்டே, "புக்க மூடிட்டு சொல்லு கண்ணு, இன்னிக்கு இன்னா நடத்துனாங்க?" என்று கேட்பாராம். அவன் சொல்லச் சொல்ல, "அது ஏன் அப்படி ஆவுது?" என்று ஒரு கேள்வி. பதில் தெரியவில்லை என்றால் அவன் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிவிட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அந்த வீட்டு டியூஷன்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாக நினைவிருந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். பேரணாம்பட்டில் முறத்தோடு உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு இந்த ஆய்வு தெரியாது. அவர் கேட்ட கேள்வி நாங்கள் கொடுக்கிற பாதி வீட்டுப்பாடத்தைவிட நல்ல வீட்டுப்பாடம்.

சக ஆசிரியர்களுக்கு ஒன்று. எங்கள் பள்ளியில் இந்த வருடம் ஒவ்வொரு வகுப்புக் கரும்பலகையிலும் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். என்ன வீட்டுப்பாடம், எத்தனை நிமிடம் ஆகும் என்று கொடுக்கிறவர் அதில் எழுத வேண்டும். கடைசிப் பீரியடுக்குப் போகிறவர் கூட்டிப் பார்ப்பார். அறுபதைத் தாண்டிவிட்டால் அவர் பாடம் நாளைக்கு. ஆரம்பத்தில் எங்களுக்குள் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது, எனக்கும் இருந்தது. ஐந்து கணக்கு கொடுத்த இடத்தில் இரண்டுதான் கொடுக்க முடிகிறது. ஆனால் அந்த இரண்டையும் ஒவ்வொரு நோட்டிலும் வரி வரியாகப் பார்க்க முடிகிறது. முன்பெல்லாம் நாற்பது நோட்டில் சிவப்புக் கோடு இழுத்துத் தேதி போட்டதோடு சரி.

அந்த அம்மாவின் மகனை மறுநாள் கூப்பிட்டு, "நாலு கணக்கு மட்டும் போட்டுக் கொண்டுவா, தப்பா இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். திங்கட்கிழமை நோட்டை நீட்டினான். நான்கில் மூன்று தப்பு, நான்கும் அவன் கையெழுத்து. மதிய இடைவேளையில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு காகிதத்தைப் பாதியாக மடித்துப் பின்னத்தை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.