ஜீன் ஹேக்மேன்: ஒரே முகத்தில் எத்தனை மனிதர்கள்

பலதரப்பட்ட பாத்திரங்களில் நடித்தவர் என்று ஒரு நடிகரைப் பாராட்டும்போது, ஒட்டுத்தாடி, மாற்றிய குரல், கூட்டிக் குறைத்த உடல் எடை ஆகியவைதாம் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஹாலிவுட் நடிகர் ஜீன் ஹேக்மேனின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபின் அந்த அளவுகோலில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், பெரும்பாலும் தன் சொந்த முகத்தோடுதான் அவர் திரையில் நின்றார். ஆனாலும் அவர் காட்டிய போலீஸ்காரரும் பாதிரியாரும் கூடைப்பந்துப் பயிற்சியாளரும் ஒருவர் சாயலில் மற்றவர் இல்லை.

1974-இல் கொப்போலா இயக்கிய 'தி கான்வர்சேஷன்' படத்தைத்தான் அவருடைய உச்சம் என்பேன். பிறர் பேச்சை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்வதைத் தொழிலாகக் கொண்ட ஹாரி கால், தன்னைப் பற்றி ஒரு சொல்கூட வெளியே போய்விடக் கூடாது என்று அஞ்சி வாழ்பவர். பிறந்தநாள் பரிசாக வீட்டுக்காரப் பெண்மணி பூட்டிய வீட்டுக்குள் ஒயின் பாட்டிலை வைத்துவிட்டுப் போனதற்கு மகிழாமல், எப்படி உள்ளே வந்தீர்கள் என்று தொலைபேசியில் அவர் விசாரிக்கும்போது, அந்தப் பணிவான குரலுக்கு அடியில் ஓடும் பதற்றம் நமக்கும் தொற்றிக்கொள்கிறது. பதிவுநாடாவை ஓட்டி ஓட்டிக் கேட்கும் நீண்ட காட்சிகளில் அவர் செய்வதெல்லாம் கேட்பது மட்டுமே. படத்தைத் தாங்கி நிற்பதும் அதுதான். இந்த நடிப்புக்கு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அதே ஆண்டு 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' நகைச்சுவைப் படத்தில், விருந்தாளியின் மடியில் கொதிக்கும் சூப்பை ஊற்றும் பார்வையற்ற துறவியாகச் சில நிமிடங்கள் வந்துபோனார். அவர் தாடிக்குள் ஒளிந்துகொண்ட அரிதான தருணம் அது.

தம் பதின்மூன்றாம் வயதில், தெருவில் விளையாடிக்கொண்டிருந்தபோது, குடும்பத்தை விட்டுப் போன தந்தை காரிலிருந்து கையசைத்துவிட்டுச் சென்றதைப் பிற்காலப் பேட்டியில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு சிறு சைகைக்குள் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கும் என்பதை அன்று உணர்ந்ததாகவும், நடிகரானதற்கு ஒருவேளை அதுவே காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார். பதினாறு வயதில் வயதைக் கூட்டிச் சொல்லி அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்தவர், 'பானி அண்ட் கிளைட்' படத்தால் கவனம் பெற்றபோது முப்பத்தேழை எட்டியிருந்தார். 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' (1971) அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரைப் பெற்றுத் தந்தது.

இரண்டாவது ஆஸ்கர், கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'அன்ஃபர்கிவன்' (1992) படத்துக்கு. வன்முறை மிகுந்தது என்று ஹேக்மேன் முதலில் தயங்கிய பாத்திரம் அது. ஊர்க்காவலர் லிட்டில் பில், கைதிகளைக் குரூரமாக அடித்து நொறுக்குபவர். ஓய்வு நேரத்தில் தன் கையாலேயே ஒரு வீட்டைக் கோணலும் மாணலுமாகக் கட்டிக்கொண்டிருப்பவர். மழைக்குக் கூரை ஒழுகும்போது அவர் முகத்தில் தெரிவது ஓர் எளிய குடும்பத்தலைவனின் எரிச்சல். தான் நீதியைக் காப்பதாக அந்த மனிதர் மனமார நம்புகிறார் என்பதை ஹேக்மேன் எங்குமே விட்டுக்கொடுக்காததால்தான், அவர் சிரிக்கும்போது நமக்கு அடிவயிறு கலங்குகிறது.

2004-க்குப் பிறகு அவர் நடிக்கவில்லை. 2025 பிப்ரவரியில், தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். நான் வாசித்த அஞ்சலிகள் பலவும் இரண்டு ஆஸ்கர்களையும், 'சூப்பர்மேன்' படங்களில் அவர் நடித்த வில்லன் லெக்ஸ் லூதரையும் சொல்லி நின்றுவிட்டன. தானே பெயர்த்துப் போட்ட பலகைகளுக்கு நடுவே அமர்ந்து தனியாக சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருக்கும் ஹாரி காலை இன்னும் பார்க்காதவர்கள், அந்தப் படத்திலிருந்து தொடங்குங்கள்.