‘ப்ரொமல்கேட்’ என்றால் நாடாளுமன்றம் நிறைவேற்றியது என்று பொருளல்ல

“அவசரச் சட்டம் ‘ப்ரொமல்கேட்’ செய்யப்பட்டுவிட்டது, அதாவது நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்துவிட்டது, இனி அது நிரந்தரச் சட்டம்” என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றி வருகிறது. இது தவறு.

‘ப்ரொமல்கேட்’ (promulgate) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முறைப்படி பிறப்பித்து அறிவித்தல் என்பதே பொருள். அரசியலமைப்பின் 123ஆவது பிரிவின்படி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒரே நேரத்தில் கூட்டத்தொடரில் இருக்கும் காலம் தவிர மற்ற நேரங்களில் குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். ஆனால் நாடாளுமன்றம் மீண்டும் கூடியதிலிருந்து ஆறு வாரங்களுக்குள் அது சட்டமாக நிறைவேற்றப்படாவிட்டால் காலாவதியாகிவிடும். மாநிலங்களில் ஆளுநருக்கு இதுபோன்ற அதிகாரத்தை 213ஆவது பிரிவு தருகிறது.

அரசிதழ் இணையதளத்தில் அறிவிக்கையின் முதல் பக்கத்தைப் பாருங்கள்: ‘அவசரச் சட்டம்’ என்றிருக்கிறதா, ‘சட்டம்’ என்றிருக்கிறதா என்பது அங்கேயே தெரியும். அத்தகவலைத் தயவுசெய்து மேலும் பகிர வேண்டாம்.