தகேஷிதாவின் ஆட்டம் 2002இல் முடியவில்லை

ஜப்பான் மகளிர் வாலிபால் வீராங்கனை பற்றி, "யோஷியே தகேஷிதா 159 செ.மீ. தான், சிட்னி ஒலிம்பிக் வாய்ப்பு போனதோடு அவர் கதை முடிந்தது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் உண்மை. 2000இல் ஜப்பான் தகுதி பெறவில்லை. பழி அவர் உயரத்தின் மேல் விழுந்தது. 2002இல் விலகவும் செய்தார். ஆனால் அதே ஆண்டே ஜேடி மார்வலஸ் அணியில் இறங்கிவிட்டார். 2006 உலக சாம்பியன்ஷிப்பில் ஜப்பானுக்கு ஆறாம் இடம்தான், ஆனாலும் தொடரின் சிறந்த வீராங்கனை அவரே! பதக்கம் வாங்காத அணியின் செட்டருக்கு (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) அந்த விருது கிடைப்பது சாதாரணமா?

லண்டன் 2012ஐயும் விட்டுவிட்டீர்கள். செட்டருக்கு விரல்நுனிதான் எல்லாம். இடக்கை ஆள்காட்டி விரல் எலும்பு முறிந்திருந்ததை வெளியே சொல்லாமல் ஆடினார். தென்கொரியாவை 3-0 என வீழ்த்தி, 28 ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பான் மகளிர் வாலிபாலுக்கு ஒலிம்பிக் பதக்கம் வந்தது அப்போதுதான்.